யாரும் காணாத காகிதம்

திருவெறும்பூரிலிருந்து நவல்பட்டுப் பக்கம் போனால் துப்பாக்கித் தொழிற்சாலையின் நீண்ட சுற்றுச்சுவர் வரும். 1960களில் எழுந்தது. பீரங்கிக் குண்டுகளுக்கான கன உலோகத் தண்டுகளைச் செய்யும் ஹெச்.ஏ.பி.பி. தொழிற்சாலை 1980களில் வந்தது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் கீழ் போயின. பெயர்ப்பலகை மாறியதே தவிர, உள்ளே நடப்பதை வெளியே பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு மாறவில்லை. திருச்சியில் எத்தனையோ குடும்பங்களில் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் "தொழிற்சாலையில்" என்ற ஒரு சொல்தான் பதிலாக வரும். அதற்கு மேல் பிள்ளைகளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் வாழ்கிறவர்களுக்கு ரகசியம் என்பது மாயமோ மர்மமோ இல்லை. அது ஒரு நிர்வாக ஏற்பாடு. ரகசிய ஆவணத்துக்கு ஓர் எண் உண்டு. எத்தனை பிரதிகள், எந்தப் பிரதி யாரிடம், எப்போது வாங்கினார், எப்போது திருப்பினார் என்பதற்குப் பதிவேடு உண்டு. பதிவேட்டில் கையெழுத்து உண்டு. ஆகவே ஓர் ஆவணம் வெளியே போய்விட்டது என்று யாராவது சொன்னால், இந்த வேலையில் இருந்த எவருக்கும் இயல்பாகத் தோன்றும் முதல் கேள்வி: எந்த ஆவணம்? அதன் எண் என்ன? கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் யார்?

மிகச் சாதாரணமான இந்தக் கேள்விகளை நம் பத்திரிகைகள் கேட்பதில்லை என்பதுதான் நெடுநாளாக என்னை வருத்தும் விஷயம். அதிகாரியாக இருந்த ஒருவர் ரகசியத்தைக் கைமாற்றினார், வீட்டுக்கு எடுத்துப் போனார், விற்றார் என்று செய்தி வரும்போது, அந்தக் காகிதத்தை எழுதுகிறவரும் பார்த்திருக்க மாட்டார், படிக்கிறவரும் பார்க்க முடியாது. பார்க்க முடியாததே அதன் இயல்பு. மற்ற குற்றச்சாட்டுகளில் சான்று எங்கே என்று கேட்கலாம். இதில் "அதைக் காட்ட முடியாது, அது ரகசியம்" என்று சொல்லிவிடலாம். ஆதாரம் இல்லாததே ஆதாரம்போலத் தோற்றம் கொள்ளும் செய்திவகை இது ஒன்றுதான். அதனால்தான் இதை எழுதும்போது மற்றச் செய்திகளைவிடப் பல மடங்கு கவனம் தேவைப்படுகிறது. நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது.

*

1994ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் பிறந்து, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராக்கெட் உந்துவியல் பயின்று திரும்பியவர் நம்பி நாராயணன். இஸ்ரோவின் திரவ எரிபொருள் எஞ்சின்களுக்காக உழைத்த முன்னோடிகளில் ஒருவர். மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளால் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின் திட்டத்தின் பொறுப்பில் இருந்தார். அந்த ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் விருப்ப ஓய்வு கேட்டு விண்ணப்பித்திருந்தார். மாத முடிவில், நவம்பர் 30 அன்று, கேரளக் காவல்துறை அவரைக் கைது செய்தது. 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் அவர்மீது பாய்ந்தது. ராக்கெட் ரகசியங்களை மாலத்தீவுப் பெண்கள் இருவர் வழியாக வெளிநாட்டுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. ஐம்பது நாள் சிறையில் இருந்தார். விசாரணையில் அடித்துத் துன்புறுத்தப்பட்டதாகப் பின்னர் சொன்னார்.

அவரைக் கைது செய்வதற்கு முன்பே கேரளத்துப் பத்திரிகைகளில் வழக்கு தொடங்கி, சாட்சி விசாரித்து, தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. அக்டோபர் 20ஆம் தேதி விசாக் காலம் தாண்டித் தங்கியதற்காக ஒரு மாலத்தீவுப் பெண் திருவனந்தபுரத்தில் கைதானார். வெளிநாட்டவர் பதிவு தொடர்பான அந்தச் சின்ன வழக்கு சில வாரங்களில் நாட்டையே விற்ற சதியாக வளர்ந்தது. மலையாள நாளிதழ்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஒரு புது விவரத்தை முதல் பக்கத்தில் வைத்தன. காதல், பணம், பாகிஸ்தான், ராக்கெட் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பெண்களின் உடலைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் எழுதப்பட்டவற்றை இன்று எடுத்துப் படிக்கக் கூசும். தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் அந்தச் செய்திகள் வந்து சேர்ந்தன. குற்றம் சாட்டப்பட்டவர் நாஞ்சில் நாட்டுத் தமிழர் என்பது இங்கே ஒரு கூடுதல் அதிர்ச்சி.

திருச்சிக்கு அந்த அதிர்ச்சி இன்னும் நெருக்கமானது. அப்துல் கலாம் 1954இல் பட்டம் பெற்றது இங்கே தெப்பக்குளத்தை ஒட்டிய செயின்ட் ஜோசப் கல்லூரியில். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவும் அதே கல்லூரியில் படித்து, பிறகு கலாமைப் போலவே குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனவர். ராக்கெட்டும் மின்னணுவியலும் எங்கோ தொலைவில் இருக்கும் வித்தையாக இந்த ஊருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. கல்லூரியில் நம்மோடு படித்த பையன்கள் செய்யும் வேலை அது. அந்தப் பையன்களில் ஒருவரைப் போன்றவர் நாட்டை விற்றுவிட்டார் என்று அச்சில் வந்தால், ஊர் கலங்காமல் என்ன செய்யும்?

அந்தக் கலக்கத்தில் கேட்கப்படாமல் போனவற்றை இப்போதாவது வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். விற்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது கிரையோஜெனிக் தொழில்நுட்பம். அது அப்போது இந்தியாவிடம் இருந்ததா? 1991 ஜனவரியில் அன்றைய சோவியத் யூனியனின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு எஞ்சின்களுக்கும் தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டோம். 1992இல் அமெரிக்கா தடை விதித்தது. 1993இல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர முடியாது என்று பின்வாங்கியது. எஞ்சின்களை மட்டும் வாங்கிக்கொள்ளும்படி ஒப்பந்தம் திருத்தப்பட்டது. இந்தியா தானே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5 அன்று. அதாவது, கைது நடந்த நாளில் நம் கையில் இல்லாத ஒன்றை விற்றதாக ஒருவர்மீது பழி. இந்த விவரங்கள் எவையும் ரகசியம் இல்லை. அமெரிக்கத் தடையும் ரஷ்யாவின் பின்வாங்கலும் அதே பத்திரிகைகளில் ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பு வந்த செய்திகள். பழைய இதழ்களைப் புரட்டியிருந்தாலே போதும்.

இரண்டாவது கேள்வி இன்னும் எளியது. இஸ்ரோவில் எவை ரகசிய ஆவணங்கள்? வழக்கை ஏற்றுக்கொண்ட மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்துப் பார்த்ததில், இஸ்ரோவில் வரைபடங்களை 'மிக ரகசியம்', 'ரகசியம்' என்று வகைப்படுத்தி முத்திரையிடும் வழக்கமே இல்லை என்று தெரிந்தது. விஞ்ஞானிகள் தமக்குள் திறந்த மனத்தோடு பகிர்ந்துகொண்டு வேலை செய்யும் இடம் அது. விக்ரம் சாராபாய் காலத்திலிருந்து வந்த பண்பு. துப்பாக்கித் தொழிற்சாலையின் பதிவேட்டு முறைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இந்த வேறுபாட்டை அறிந்துகொள்ள ஒரு நிருபருக்கு ஒரு பகல் போதும். ஓய்வுபெற்ற ஒரு இஸ்ரோக்காரரிடம் பேசியிருந்தால் போதும்.

1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை குற்றச்சாட்டு பொய் என்று அறிக்கை தந்தது. நீதிமன்றம் ஏற்றது. கேரள அரசு மறுபடி விசாரிக்க முனைந்தபோது, 1998 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2001இல் தேசிய மனித உரிமை ஆணையம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், கைதே தேவையற்றது என்று கூறி, 50 லட்சம் ரூபாய் தரவும், பொய் வழக்கு எப்படிப் புனையப்பட்டது என்று ஆராய நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. 2019இல் பத்ம பூஷண். 2021இல் உச்ச நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையை விசாரிக்கச் சொன்னது. 2024இல் காவல், உளவுத் துறைகளைச் சேர்ந்த முன்னாள் அதிகாரிகள் ஐவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அது இன்னும் நிரூபிக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டுத்தான். ஆனால் முப்பது ஆண்டுகளில் குற்றவாளிக் கூண்டு இடம் மாறிவிட்டது.

பழி கழுவப்பட்ட இந்தக் கதையில் பத்திரிகைகளின் பங்கு எங்கே? இழப்பீட்டை நீதிமன்றம் கட்டச் சொன்னது கேரள அரசை. குழு ஆராய்ந்தது அதிகாரிகளை. நாள்தோறும் அச்சிட்டு வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் எந்த மன்றத்திலும் நிற்கவில்லை. ஜே. ராஜசேகரன் நாயர் என்ற பத்திரிகையாளர் இந்த வழக்கின் புனைவை அம்பலப்படுத்தி ஒரு நூலே எழுதினார். அப்படி நீரோட்டத்துக்கு எதிரே நீந்தியவர்கள் மிகச் சிலர். அவர்களால்தான் அந்தத் தொழிலின் மானம் கொஞ்சமாவது மிஞ்சியது.

*

ஏன் இப்படி நடந்தது என்பதற்குப் போட்டி, விற்பனை, கேரளத்தில் காங்கிரஸ் கட்சியின் உள்பூசல் என்று பல காரணங்கள் சொல்வார்கள். உள்பூசல் உண்மைதான். 1995 மார்ச்சில் முதல்வர் கருணாகரன் பதவி விலகியதில் இந்த வழக்குக்குப் பங்கு உண்டு. ஆனால் அடியில் இருக்கும் காரணம் வேறு என்று நினைக்கிறேன். செய்தியைத் தந்தவர்கள் ரகசியத்தின் காவலர்கள். காவல்துறையும் உளவுத்துறையும் சொன்னால் அதைச் சரிபார்க்க வேறொரு வழி இல்லை என்று பத்திரிகைகள் தாமாகவே முடிவு செய்துகொண்டன. பெயரைப் போட வேண்டாம் என்றால் போடவில்லை. விசாரணை அறையில் அவர் இன்னது ஒப்புக்கொண்டார் என்றால் அப்படியே அச்சேற்றினார்கள்.

இங்கேதான் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. அரசு ரகசியச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மிக அகலமானது. அரசுப் பணியில் நம்பிக்கையோடு ஒப்படைக்கப்பட்ட தகவலை உரிமை இல்லாதவருக்குச் சொல்வது குற்றம். வைத்துக்கொள்ள உரிமை இல்லாத ஆவணத்தை வைத்திருப்பது குற்றம். கவனக்குறைவாகத் தொலைப்பதும் குற்றம். அறிந்தே வாங்கிக்கொள்வதும் குற்றம். 'ரகசியம்' என்றால் என்ன என்று மட்டும் சட்டம் வரையறுக்கவில்லை. இந்த அளவுகோலால் பார்த்தால், விசாரணை அறையில் நடந்ததை இரவோடிரவாக நிருபருக்குச் சொன்ன அதிகாரியும் ரகசியத்தைக் கசியவிட்டவர்தான். அந்த வழக்கில் சட்டம் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஆவணத்தை வெளியே கொடுப்பது ஒன்று. ஆவணம் வெளியே போய்விட்டது என்ற பழியை வெளியே கொடுப்பது இன்னொன்று. முன்னதைச் செய்தவரை அரசு துரத்தும். பின்னதைச் செய்தவரை அரசு ஒருபோதும் துரத்தாது, பல சமயம் அதைச் செய்வதே அரசுதான். பத்திரிகை இந்த இரண்டையும் பிரித்தறியாவிட்டால், தான் சுதந்திரமாக இயங்குவதாக நினைத்துக்கொண்டே காவல் நிலையத்தின் நீட்சியாகிவிடும்.

*

ஆவணம் உண்மையாகவே வெளியே போன வழக்கு எப்படி இருக்கும் என்பதற்கும் நம்மிடம் முன்னுதாரணம் உண்டு. 1985 ஜனவரி. ராஜீவ் காந்தி தேர்தலில் பெருவெற்றி பெற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தில்லியில் ஒரு தனியார் நிறுவனத்தின் பிரதிநிதியாக இருந்த குமார் நாராயண் என்பவர் கைதானார். பிரதமர் அலுவலகத்திலும் பாதுகாப்பு அமைச்சகத்திலும் வேலை பார்த்த உதவியாளர்கள் அவரோடு பிடிபட்டார்கள். கோப்புகள் வெளியே போய், நகல் எடுக்கப்பட்டு, திரும்பவும் தம் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. பிரெஞ்சுத் தூதரகத்துக்கும் இதில் தொடர்பு இருந்ததால் பாரிஸ் தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொள்ள நேர்ந்தது.

பிரதமரின் முதன்மைச் செயலாளராக இருந்தவர் பி.சி. அலெக்சாண்டர். அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. தன் அலுவலகத்து ஊழியர்கள் செய்ததற்குப் பொறுப்பேற்று உடனே விலகினார். பின்னாளில் 1988இலிருந்து 1990 வரை தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தார், குடியரசுத் தலைவர் ஆட்சிக் காலத்தில் இந்த மாநிலத்தின் நிர்வாகமே அவர் கையில் இருந்தது என்பதால் நம் வாசகர்களுக்கு அவர் அந்நியர் இல்லை. கோப்பைப் பாதுகாக்கும் கடமை கடைநிலை ஊழியரோடு முடிந்துவிடுவதில்லை, மேசையின் தலைமாட்டில் இருப்பவர்வரை அது ஏறிப் போகும் என்பதை அவர் ஒரு விலகல் கடிதத்தால் காட்டினார்.

அந்த வழக்கில் அழகிகள் கிடையாது. சுருக்கெழுத்தாளர்களும் தனி உதவியாளர்களும் நகலெடுக்கும் இயந்திரமும் சாராயப் புட்டிகளும்தான். உண்மையான ஆவணக் கசிவு பெரும்பாலும் இப்படித்தான், சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமாக நடக்கிறது. அதனாலேயே பத்திரிகைகள் சில மாதங்களில் அதைக் கைவிட்டன. ரகசிய வழக்கு என்பதால் விசாரணை மூடிய கதவுக்குள் நடந்தது. 2002இல்தான் தீர்ப்பு வந்தது. பதின்மூன்று பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் சொன்னது. குமார் நாராயண் அதற்குள் இறந்துவிட்டார். பதினேழு ஆண்டுகளில் எந்தக் கோப்புகள் போயின, அதனால் நாட்டுக்கு என்ன இழப்பு, அலுவலக நடைமுறையில் எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்று தொடர்ந்து விசாரித்து எழுதுவதுதான் பத்திரிகையின் வேலையாக இருந்திருக்க வேண்டும். ஓட்டையை எழுதினால் பரபரப்பு இருக்காது, பயன் இருக்கும்.

நிரூபிக்கப்பட்ட வழக்கைவிடப் புனையப்பட்ட வழக்குக்கு அதிகத் தாளும் மையும் செலவாகியிருக்கின்றன. இந்தக் கணக்கைச் சந்திக்காமல் இந்தியப் பத்திரிகை வரலாற்றை யாரும் எழுத முடியாது.

*

ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் நிறைய. ரயில்வே, வங்கி, தலைமைச் செயலகம், மத்திய அரசுத் துறைகள் என்று எங்கெங்கோ பணிபுரிந்துவிட்டுக் கடைசிக் காலத்தைக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கழிக்க வருகிறவர்கள். சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் காலையில் பேப்பர் பிரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பலர் ஒரு காலத்தில் கோப்பில் குறிப்பு எழுதியவர்கள். ஒரு கோப்பு எப்படிப் பிறக்கிறது, எப்படி ஊர்கிறது, எங்கே தேங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும். இவர்களைப் போன்றவர்களுக்குள்தான் நாட்டின் நிர்வாக நினைவு இருக்கிறது.

அந்த நினைவோடு அரசு எப்படி நடந்துகொள்கிறது? வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வில் பணியாற்றி 2004இல் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் வி.கே. சிங், 2007இல் அந்த அமைப்பின் கொள்முதல் முறைகேடுகளையும் பொறுப்பின்மையையும் பற்றி நூல் எழுதினார். அவர் வீட்டில் சோதனை நடந்தது, அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தது. 2021இல் ஓய்வூதிய விதிகளே திருத்தப்பட்டன. உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்தவர்கள் முன் அனுமதி இல்லாமல் தம் துறை சார்ந்து எழுதினால் ஓய்வூதியத்துக்கே ஆபத்து. தனக்கென்று ஆவணத்தைப் பதுக்கியவரையும், தவறு நடக்கிறது என்று ஊருக்குச் சொன்னவரையும் ஒரே சட்டம் ஒரே கண்ணால் பார்க்கிறது. பத்திரிகையாவது வேறு கண்ணால் பார்க்க வேண்டாமா?

இந்த ஊரில் இருந்துகொண்டு ரகசியத்தைப் பற்றி யோசிக்கும்போது இராமானுசரை நினைக்காமல் இருக்க முடியாது. திருக்கோட்டியூர் நம்பியிடம் மறைபொருள் கேட்க ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் என்பது குருபரம்பரை சொல்லும் செய்தி. யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் நரகம் என்ற நிபந்தனையோடு உபதேசம் நடந்தது. அவர் அங்கேயே கோயிலின் மேல் ஏறி, ஆசையுடையோர் எல்லாரும் கேட்கும்படி அறிவித்தார். குரு கோபித்தபோது, எல்லாரும் உய்வு பெறுவதற்காக நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றார். உடையவர் சந்நிதியில் அவர் திருமேனி இருக்கிறது. தினமும் அந்தப் படியேறிக் கும்பிடுகிறவர்கள் இந்தக் கதையைப் பக்திக் கதையாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், நடத்தைக்கான ஓர் அளவுகோலாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

அவர் செய்ததில் மூன்று கூறுகள் உண்டு. சொல்லப்பட்ட பொருளையே வெளியிட்டார், அதைப் பற்றிய வதந்தியை வெளியிடவில்லை. தன் குரலில், தன் முகம் தெரிய, உயரத்தில் நின்று வெளியிட்டார். அதன் விளைவைத் தான் ஏற்றுக்கொண்டார், இன்னொருவர் தலையில் போடவில்லை. ரகசியத்தை உடைப்பதற்கு ஒரு தருமம் இருக்குமானால் அது இந்த மூன்றும்தான்.

2019 பிப்ரவரியில் ரஃபேல் போர் விமானக் கொள்முதல் பற்றிய பாதுகாப்பு அமைச்சகக் குறிப்புகளை 'தி இந்து' வெளியிட்டது. எழுதியவர் என். ராம். அவர் பெயரோடு, ஆவணங்களின் வாசகத்தோடு வந்தது. மார்ச் 6 அன்று அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் அவை திருடப்பட்டவை என்றும், அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொன்னார். அவை நகல்கள் என்றுதான் சொல்ல வந்தேன் என்று பிறகு விளக்கினார். ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக, அந்த ஆவணங்களைப் பார்ப்பதற்கு அரசு தெரிவித்த தடையை நிராகரித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் சீராய்வு மனுக்கள் தள்ளுபடியாயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொள்முதலைப் பற்றி யார் என்ன கருத்து வைத்திருந்தாலும், வாசகர் கையில் காகிதம் இருந்தது. படித்துப் பார்த்து ஏற்கலாம், மறுக்கலாம். அரசும் அதே வாசகத்தின் மற்றப் பகுதிகளைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்தது. 1994இல் நம்பி நாராயணனுக்குக் கிடைக்காதது இந்த வாய்ப்புத்தான். அவருக்கு எதிரான காகிதம் இருந்தால் அல்லவா அதற்கு அவர் பதில் சொல்ல முடியும்!

*

அமெரிக்காவில் சில ஆண்டுகளாக இதே பொருளில் பெரும் ஆரவாரம் நடந்தது. 2016இல் ஹிலாரி கிளின்டனின் தனி மின்னஞ்சல் சர்வர். தேர்தலுக்குப் பதினொரு நாள் இருக்கையில் எஃப்.பி.ஐ. தலைவர் காங்கிரசுக்கு எழுதிய ஒரு கடிதம் பத்திரிகைகளின் முதல் பக்கங்களை நிறைத்தது, சில நாள்களில் புதிதாக ஒன்றும் இல்லை என்று அவரே சொன்னார். 2022 ஆகஸ்ட் 8 அன்று டிரம்ப்பின் ஃபுளோரிடா மாளிகையில் சோதனை நடந்து நூற்றுக்கும் மேற்பட்ட ரகசிய ஆவணங்கள் எடுக்கப்பட்டன. பைடன் வீட்டிலும் பழைய அலுவலகத்திலும்கூடச் சில கிடைத்தன. கட்சிக்கேற்ப ஒருவர் செய்ததைப் பெரிதாக்கி மற்றவர் செய்ததைச் சிறிதாக்கும் பழக்கம் அங்கும் உண்டு. 2024 பிப்ரவரியில் பைடனைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்தபோது ஆவணங்களை விட்டுவிட்டு அவருடைய ஞாபக சக்தியையே எல்லாரும் பேசினார்கள்.

ஆனாலும் ஒரு வேறுபாடு முக்கியமானது. டிரம்ப் வழக்கில் சோதனைக்கான பிரமாணப் பத்திரம், பகுதிகள் மறைக்கப்பட்டாலும், நீதிமன்ற உத்தரவின் பேரில் வெளியானது. 2023 ஜூனில் வந்த குற்றப்பத்திரிகை எந்தத் தேதியிட்ட ஆவணம், எந்த அளவு ரகசியம், எதைப் பற்றியது என்று உள்ளடக்கத்தைச் சொல்லாமலே ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தியது. பெட்டிகள் குளியலறையில் அடுக்கப்பட்டிருந்த படமும் அதில் இருந்தது. 2024 ஜூலையில் அந்த வழக்கை ஒரு நீதிபதி தள்ளுபடி செய்தார், மேல்முறையீடும் பிறகு கைவிடப்பட்டது. முடிவு எப்படியானாலும், எந்தக் காகிதம் என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் பொதுவெளியில் இருந்தது. ரகசியத்தின் உள்ளே இருப்பதைச் சொல்லாமலே ரகசியம் கையாளப்பட்ட விதத்தைச் சொல்ல முடியும் என்பதற்கு அதுவே சான்று. "ரகசியம், அதனால் எதையும் சொல்ல முடியாது" என்று நம் அதிகாரிகள் சொல்வதை நம் ஆசிரியர்கள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

இந்தக் கோரிக்கை தமிழ்நாட்டுக்கு அந்நியமானதும் இல்லை. மத்தியில் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1997இல், அப்படியொரு சட்டத்தை நாட்டில் முதலில் இயற்றிய மாநிலம் இது. விலக்குகள் நிறைந்த பலவீனமான சட்டம்தான், ஆனால் முதல் அடி நாம் வைத்தது. 2006இல் வீரப்ப மொய்லி தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் அரசு ரகசியச் சட்டத்தையே நீக்கிவிட்டு, உண்மையான உளவுக் குற்றங்களை மட்டும் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் அத்தியாயமாக வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆங்கிலேயன் போட்ட சட்டம் நூறாண்டு தாண்டியும் அப்படியே நிற்கிறது. அதை நீக்கச் சொல்லி எழுதுவதில் பத்திரிகைகளுக்கு நேரடி நலன் உண்டு, ஏனென்றால் வாங்கிக்கொள்பவரையும் குற்றவாளியாக்கும் சட்டம் அது.

ஆனால் சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் சில உண்டு. முன்னாள் அதிகாரி ஒருவர்மீது ரகசியக் குற்றச்சாட்டு வந்தால், எந்த ஆவணம், அது உண்மையில் வகைப்படுத்தப்பட்டதா, அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, இந்தச் செய்தியைத் தருபவருக்கு அதனால் என்ன லாபம் என்ற கேள்விகளைக் கேட்டு, கிடைத்த விடைகளைச் செய்தியிலேயே போட வேண்டும். விடை கிடைக்கவில்லை என்றால் அதையும் போட வேண்டும். விசாரணை அறையிலிருந்து வரும் 'ஒப்புதல்' எதையும் செய்தி என்று கொள்ளக் கூடாது. காவல் அதிகாரியிடம் தரும் வாக்குமூலத்தை நீதிமன்றமே சான்றாக ஏற்பதில்லை என்னும்போது, முதல் பக்கத்துக்கு மட்டும் அது எப்படிப் போதுமானதாகும்? குற்றம் சாட்டப்பட்டவர் விடுபட்டால், பழி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் விடுதலையும் வர வேண்டும். 1994இல் வாரக்கணக்கில் எழுதிய நிறுவனங்கள் தம் பழைய இதழ்களைத் தாமே ஆராய்ந்து, யார் சொல்லி எழுதினோம், ஏன் சரிபார்க்கவில்லை என்று ஒரு முழு அறிக்கை வெளியிட்டால், அடுத்த தலைமுறை நிருபர்களுக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் இருக்காது.

இதனால் பத்திரிகையின் வீரியம் குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் சொல்லத் துணியாதவர் தரும் துரோகப் பழியை அச்சேற்ற மறுக்கும் ஆசிரியருக்குத்தான், ஒரு நாள் அரசு மறைக்க நினைக்கும் உண்மையான காகிதத்தை மேசையில் வைத்து, இதோ படியுங்கள் என்று சொல்லும் தகுதி வருகிறது. அன்று அவர்மீது வழக்கு வரும், திருடன் என்பார்கள், தேசத் துரோகி என்பார்கள். இந்தப் பத்திரிகை காகிதம் இல்லாமல் எழுதாது என்று வாசகர்கள் பல ஆண்டுகளாகக் கண்டிருந்தால், அவர்கள் அவரோடு நிற்பார்கள். அந்த நம்பிக்கையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதித்தால்தான் உண்டு. நம்பி நாராயணனைப் பற்றி எழுதிய அந்தச் சில வாரங்களில் அது மொத்தமாகச் செலவழிக்கப்பட்டது. திரும்பச் சேர்க்கும் வேலை நம் காலத்துப் பத்திரிகையாளர்களுடையது. அவர்களிடம் அதைக் கேட்டு வாங்குவது நம்முடையது.